மூடாக்கு: சோகையும் பலாவும்

நெல்லிக்குப்பத்தினின்று பண்ருட்டி செல்லும் சாலையில், தை மாசித் திங்களின் மாலைப்பொழுதில் வருவோர் ஒரு காட்சியைக் காணாது செல்லுதல் அரிது. கரும்பு வெட்டுண்டு ஆலைக்குச் சென்றபின், வயலிற் கிடக்கும் சோகைக்குத் தீயிடுவர். நொடிப்பொழுதில் தழல் ஓங்கும். புகை சாலையை மறைக்கும். கரித்துகள் காற்றில் மிதந்து, ஊரார் கொடியில் உலர்த்திய வெள்ளைத் துணியின்மேல் வந்து படியும். எம்மூரில் முதற் சர்க்கரை ஆலை எழுந்தது 1842-ஆம் ஆண்டு. கரும்போடு வாழும் ஊராதலின், இப்புகையை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. துணி துவைத்தவர் மட்டும் சிறிது முணுமுணுப்பர்.

அங்கிருந்து மேற்கும் தெற்குமாகச் சில கல் தொலைவு சென்றால் நிலத்தின் நிறம் மாறும். வண்டல் போய்ச் செம்மண் தோன்றும். பலாவும் முந்திரியும் நிறைந்த கொல்லைகள் இருபாலும் விரியும். அவற்றின் அடியிலோ ஒரு சருகும் இராது. விளக்குமாற்றால் பெருக்கிய வாயிலைப்போல வெறுந்தரை பளிச்சென்று தோன்றும். அதுவே நன்கு பேணப்பெற்ற கொல்லைக்கு அடையாளம் என்பது பலர் எண்ணம். கோடையில் அத்தரையில் வெறுங்காலுடன் நிற்க முயன்றோர்க்கு, அம்மரத்தின் மேல்வேர் படும் பாடு சொல்லாமலே விளங்கும்.

ஓரிடத்தார் வேண்டாவென எரிப்பதும், மற்றோரிடத்து மரங்கள் வேண்டி நிற்பதும் ஒரே பொருளாய் இருத்தல் எமக்கு வியப்பளித்தது. அவ்வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

வெட்டிய தழை, புல், சோகை, சருகு ஆகியவற்றை மரத்தைச் சுற்றிப் பரப்பி, மண்ணை மறைத்து வைத்தலை உழவர் மூடாக்கு என்பர். இச்சொல் புதுவதாகப் புனைந்தது அன்று. தலையை மறைக்கும் முக்காட்டிற்கும், வானை மறைக்கும் மேகத்திரளுக்கும் வழங்கிய சொல்லே. வெயிலில் நடக்கும் மகளிர் முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொள்வதைப்போல மண்ணுக்கும் ஒரு முந்தானை வேண்டும் என்று கண்ட உழவன், சொல்லையும் அங்கிருந்தே எடுத்தான் போலும். ஒன்றை ஈண்டே தெளிதல் நன்று. பசுந்தாளை மடக்கி உழுதல் வேறு, மூடாக்கு வேறு. முன்னது மண்ணின் உள்ளே புகுவது. பின்னது மண்ணின் மேலே கிடப்பது. இவ்வேறுபாட்டை மறப்பதால் விளையுந் தொல்லையைப் பின்னர்க் கூறுவாம்.

தமிழ் பயில்வோராகிய எமக்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுந்தது. திருவள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்தில், ஒரு பலம் புழுதி காற்பலமாக வற்றும்வரை உழுத நிலத்தை உலரவிட்டால், ஒரு பிடி எருவும் இடாமலே பயிர் செழிக்கும் என்னுங் கருத்தை வைத்திருக்கிறார். மண்ணைக் காயவிடுக என்பது அவர் வாக்கு. காயவிடாதே என்பது மூடாக்கின் நெறி. இரண்டும் எவ்வாறு பொருந்தும் என்று வகுப்பு நண்பர் ஒருவர் எம்மை மடக்கினார். அன்று விடை கூற இயலாது வாளாவிருந்தோம்.

பின்னர் எண்ணிப் பார்த்ததில், இரண்டும் பகையல்ல என்பது புலனாயிற்று. இறுகிய நிலத்தின் நுண்துளைகள் விளக்குத் திரியை ஒப்பன. திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, அவை அடியிலுள்ள ஈரத்தை மேற்பரப்பிற்கு இழுத்துக் கதிரவனுக்குக் கொடுத்துவிடும். மேல்மண்ணை உழுது பொடியாக்கின், திரி அறுபடும். மேலே கிடக்கும் புழுதி காயும். அதன் அடியிலுள்ள ஈரமோ தங்கும். எனவே வள்ளுவர் கூறிய புழுதியும் ஒருவகை மூடாக்கே. மண்ணையே மண்ணுக்குப் போர்வையாக்கிய நுட்பம் அது. (ஒரு பலம் மண்ணில் முக்காற்பலம் நீராக இருத்தல் இயலாதாகலின், அவ்வளவையை உயர்வு நவிற்சி என்றே கொள்ளல் வேண்டும். இதற்காகப் புலவர் எம்மைச் சினவாராக.) ஆயினும், ஆண்டுதோறும் விதைத்து அறுக்கும் பயிர்க்குப் பொருந்துவது பலாவிற்கும் மாவிற்கும் அப்படியே பொருந்தாது. மரத்திற்கு உணவூட்டும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், ஓரடி இரண்டடி ஆழத்திற்குள்ளேயே படர்ந்துள்ளன. அடிக்கடி உழுதால் அவை அறுபடும். வேரை அறுக்காமல் திரியை மட்டும் அறுப்பதற்குரிய வழி, மேலே தழையைப் பரப்புவதேயாகும்.

அடுத்த குறளில், நீர் பாய்ச்சுவதினும் காத்தல் சிறந்தது என்கிறார் பொய்யாமொழியார். மாடு முதலியன புகுந்து அழியாமற் காத்தல் என்பது உரைகாரர் கொண்ட பொருள். மண்ணை வெயிலினின்று காத்தலையும் அதனுள் அடக்கலாமோ என்று எம் ஆசிரியரை வினவினோம். தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடையாது, கொல்லையில் செய்தால் பலன் கிடைக்கும் என்று அவர் நகைத்தார்.

எம் மாவட்டத்தார்க்கு மற்றுமொரு நினைவும் வருதல் இயல்பு. கெடிலக் கரையிலுள்ள திருவதிகையோடு தொடர்புடையவர் திருநாவுக்கரசர். உழவாரப்படை ஏந்திக் கோயில்தோறும் புல் செதுக்கித் தொண்டு செய்தவர் அவர் என்பதை யாவரும் அறிவர். அவர் செதுக்கிய புல் எங்கே குவிக்கப்பட்டது என்பது எந்தத் தமிழ் வகுப்பிலும் எழாத வினா. திருமுற்றத்து மரத்தடியில் இடப்பட்டிருப்பின் அம்மரங்கள் பேறு பெற்றன என்போம்.

இனி எம் கொல்லைக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் விடியற்காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் அளவில் வீசிய காற்றில், தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அந்நாளில் எமக்கு நினைவு தெரியத் தொடங்கிய பருவம். கெடிலத்திற்குத் தெற்கே செம்மண் நிலத்தில் எம் பாட்டனார் வைத்திருந்த பதினான்கு பலா மரங்களில் இரண்டே எஞ்சின. வீழ்ந்த மரத்தின்மேல் ஏறி நாங்கள் விளையாடினோம். பாட்டனார் அன்று உணவு கொள்ளவில்லை என்பதைப் பல்லாண்டு கழித்தே பாட்டியார் வாயிலாக அறிந்தோம்.

அதன்பின் அவர் இருமுறை கன்று நட்டார். இருமுறையும் அக்கினி நட்சத்திர வெயிலில் பெரும்பாலானவை பட்டுப்போயின. குழாய்க் கிணற்றின் நீரும் ஆண்டுக்காண்டு கீழே இறங்கிற்று. இறுதியில், சவுக்கு நட்டுவிடுவது என்று உறுதி செய்தார். சவுக்கு நட்டால் நான்கைந்து ஆண்டில் வெட்டிக் காசாக்கலாம். காவலும் மிகுதியாய் வேண்டா. அவர் கணக்கில் பிழையில்லை. எனினும், பலா நின்ற கொல்லையில் சவுக்கைக் காண எமக்கு மனம் ஒப்பவில்லை. லூக்கா எழுதின சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தில், கனி கொடாத அத்திமரத்தை வெட்டச் சொன்ன உரிமையாளனிடம் தோட்டக்காரன் ஓராண்டுத் தவணை கேட்கும் உவமை உண்டு. அடியைக் கிளறி எருவிட்டுப் பார்ப்பதாக அவன் மன்றாடினான். யாமும் அவனைப் பின்பற்றி ஓராண்டு கேட்டோம். "சரி தம்பி, ஒரு கோடை பார்ப்போம், பிறகு என்னைத் தடுக்கக்கூடாது" என்றார் பாட்டனார்.

நெல்லிக்குப்பத்திற்கும் பண்ருட்டிக்கும் இடையே உள்ள பாலூரில் 1905-ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இன்று காய்கறி ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. பணிக்கன்குப்பத்துப் பலாவினின்று தேர்ந்து அந்நிலையத்தார் வெளியிட்ட பாலூர் 1 என்னும் வகையில் பன்னிரண்டு ஒட்டுக்கன்றுகளை ஆடித் திங்களில் நட்டோம். மாசியில் ஆறு கன்றுகளுக்கு மட்டும் மூடாக்கு இட்டோம். அண்டை ஊர்க் கரும்பு வயலினின்று ஒரு வண்டிச் சோகை வாங்கி, கன்றைச் சுற்றி இரண்டு முழ அகலத்தில், நான்கு விரற்கடை உயரத்திற்குப் பரப்பினோம். அதன்கீழ் வேலியோரத்துக் கிளிரிசிடியாத் தழையை வெட்டி ஓர் அடுக்கு இட்டோம். பன்னிரண்டிற்கும் நான்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு குடம் நீர் என்பது ஏற்பாடு. யாம் விடுதிக்குத் திரும்பவே, நீரூற்றும் பொறுப்பு பாட்டனாருடையதாயிற்று.

சித்திரை இறுதியில் ஊர் திரும்பியபோது, பிற்பகல் வேளையில் இருவகைக் கன்றின் அடியையும் தொட்டுப் பார்த்தோம். வெறுந்தரை, கையை வைக்கவொட்டாது சுட்டது. சோகையை விலக்கிய இடத்தில் மண் குளிர்ந்து, விரலால் கிளறும் அளவுக்கு இளகியிருந்தது. இரண்டு மண்புழுக்களும் நெளிந்தன. செம்மண் கொல்லையில் கோடைக்காலத்து மண்புழுவைக் கண்டு பாட்டனார் அருகில் வந்து குனிந்து நோக்கினார். ஒன்றுங் கூறவில்லை.

வைகாசி முடிவில், மூடாக்கு இடாத ஆறில் இரண்டு உயிரோடிருந்தன; இட்ட ஆறில் ஐந்து. பன்னிரண்டு கன்றைக் கொண்டு முடிவு கட்டுதல் ஆராய்ச்சியாகாது என்பதை யாம் அறிவோம். அன்றியும், எம் ஆய்வில் ஓர் ஊழல் நேர்ந்துவிட்டதைப் பின்னர் அறிந்தோம். மூடாக்கில்லாத கன்றுகள் வாடுவதைக் காணப் பொறாமல், பாட்டனார் அவற்றிற்கு மட்டும் அவ்வப்போது ஒரு குடம் மிகுதியாக ஊற்றியிருக்கிறார். எம்மிடம் சொன்னால் கணக்குக் கேட்போம் என்று மறைத்துவிட்டார்!

மூடாக்கிட்டும் மடிந்த அந்த ஒரு கன்றைப்பற்றிக் கூறாது விடுதல் நேர்மையன்று. அதன் பிழை முழுதும் எம்முடையது. ஆர்வ மிகுதியால் அக்கன்றின் தண்டைத் தொடும்படி சோகையைக் குவித்துவிட்டோம். உலர்ந்த சோகை கறையானுக்கு விருந்து. சோகையைத் தின்று தீர்த்த கறையான், மண்கூடு கட்டிக்கொண்டு தண்டில் ஏறிப் பட்டையைச் சுற்றிலும் அரித்துவிட்டது. மூடாக்கிட்டால் கறையான் வரும் என்று எம்மூர்ப் பெரியோர் கூறுவது வீண் அச்சம் அன்று. நன்கு வளர்ந்த மரத்தைக் கறையான் எளிதில் வீழ்த்தாது. இளங்கன்றையோ ஒரு வாரத்தில் முடித்துவிடும். ஆதலின் தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவு வெறுந்தரை விடவேண்டும். மூடாக்கு, கன்றின் கழுத்தைச் சுற்றிய கயிறுபோல் இறுகாமல், கிணற்றைச் சுற்றிய மேடைபோல் விலகி நிற்றல் வேண்டும். வேம்பு, எருக்கு, கொழிஞ்சி ஆகியவற்றின் தழையை இடையிடையே கலப்பதும், வேப்பம் புண்ணாக்கைத் தூவுவதும் கறையானின் ஊக்கத்தைக் குறைக்கும். அடிக்கடி விலக்கிப் பார்த்தலே யாவற்றினும் நல்ல மருந்து.

தண்டை விட்டு விலகுக என்றால், எதுவரை பரப்புக என்னும் வினா எழும். நண்பகலில் மரத்தின் நிழல் விழும் எல்லைவரை என்பது எளிய அளவை. உண்ணும் வேர்கள் அவ்வெல்லையை அடுத்தே மிகுதியாய் இருக்கும். அடிமரத்தில் நீரும் எருவும் கொட்டுவது, உணவைத் தலைமேல் வைப்பதை ஒக்கும்.

மேலே குறித்த உழவுக்கும் மூடாக்குக்கும் உள்ள வேறுபாடு சோகையில் நன்கு வெளிப்படுகிறது. நூறு கிலோ உலர்ந்த சோகையில் அரைக் கிலோ அளவுக்கும் குறைவான தழைச்சத்தே உண்டு, கரிச்சத்தோ மிகுதி. அதனை மண்ணோடு கலந்து புதைத்தால், சோகையை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணினின்று கடனாக எடுத்துக்கொள்ளும். அக்கடன் தீருமளவும் மரம் பசித்திருக்கும், இலை வெளிறும். சோகை இட்டேன், மரம் மஞ்சளாயிற்று என்று நொந்து கொள்வோர் பெரும்பாலும் அதனைக் கொத்தி உள்ளே தள்ளியவரே. மேலே பரப்பிய சோகை, மண்ணைத் தொடும் இடத்தில் மட்டுமே சிறிது சிறிதாக மட்குமாகலின் இவ்விடர் மிகக் குறைவு. கிளிரிசிடியா, சணப்பு முதலியவற்றின் உலர்ந்த இலையில் நூற்றுக்கு மூன்று பங்களவு தழைச்சத்து உண்டு. பச்சைத் தழை விரைவில் மட்கி உணவாகும். சோகை நெடுநாள் நின்று போர்வையாகும். அடியில் தழையும் மேலே சோகையும் இடுதல் இரண்டன் பயனையுந் தரும்.

கைக்கு அகப்பட்ட செடியையெல்லாம் வெட்டிப் போடுதலும் தகாது. கோரையைக் கிழங்கோடும் அருகினைத் தண்டோடும் கொண்டுவந்து கொட்டினால் வந்த விருந்தினர் போகமாட்டார். பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வெட்டினாலன்றி, களையை நாமே விதைத்தவராவோம். எம் மாவட்டத்துப் பெயரையே தாங்கி நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு இன்னுங் குறும்புடையது. ஈரம் பட்டால் வெட்டிய தண்டினின்றே வேர்விடும். நன்றாகக் காயவைத்த பின்னரே அதனைப் பயன்படுத்தலாம். ஏரிகளை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் அவ்வாறே கரையில் ஏற்றி உலர்த்தியபின் நல்ல மூடாக்காகும். வேலியோரத்துப் பூவரசு, புங்கு, ஆவாரை ஆகியவற்றில் ஐயமே இல்லை. நோயுற்ற மரத்தின் இலையைமட்டும் அதே மரத்தின் அடியில் இடற்க.

முந்திரிக் கொல்லையார் கூறும் தடை வேறு. பங்குனி முதல் முந்திரிப் பழம் உதிரும் காலம்; கொட்டையைப் பொறுக்கத் தரை வெளியாய் இருத்தல் வேண்டும். தழைக்குள் விழுந்த கொட்டையைத் தேடும் கூலிக்குக் கொட்டையின் விலை போதாது என்பர். பாம்பு ஒளிந்திருக்கும் என்ற அச்சமும் உண்டு. அதனையும் எள்ளுதல் முறையன்று. ஆதலின் முந்திரிக்குக் கொட்டை பொறுக்கி முடிந்தபின் மூடாக்கிட்டு, அடுத்த காய்ப்புக்கு முன் வரிசைகளின் நடுவே ஒதுக்கி விடலாம். பெருக்கிய சருகை எரிக்காதிருந்தாலே பாதி வேலை முடிந்ததாகும்.

மழைக்காலத்து நெறி மற்றொன்று. எம் பகுதியில் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அறைந்து பெய்யும். வெறுந்தரையில் ஒவ்வொரு துளியும் சிறு சம்மட்டிபோல் விழுந்து மண்ணைக் கலைக்கும். செந்நீராய் ஓடுவது நம் மேல்மண்ணே. தழையின்மேல் விழும் துளி உடைந்து மெல்ல இறங்கும். ஆயினும் பலா நீர் தேங்குதலைப் பொறாத மரம். மழை தொடங்குமுன் தண்டருகே உள்ள மூடாக்கை இன்னும் ஒரு முழம் விலக்கி, நீர் வடியக் கால் வெட்டுதல் வேண்டும். இதனைச் செய்யாது அடியழுகலுக்கு மூடாக்கைக் குறை கூறுவோர் உளர்.

இம்முறையை உலகிற்கு எடுத்துரைத்தோர் பலர். ஜப்பானில் சிக்கோகு தீவைச் சேர்ந்த மசனோபு புகோகா, வைக்கோலை வயலிலேயே பரப்பிச் செய்த வேளாண்மையைப் பற்றி 1975-இல் எழுதிய நூல் தமிழிலும் வந்துள்ளது. அவரே தம் தந்தையின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்துச் செய்யாது கைவிட்டுப் பல மரங்களை இழந்ததை மறைக்காது கூறியுள்ளார்; இயற்கை முறை என்பது சும்மா இருத்தல் அன்று என்பதற்கு அதனினும் நல்ல சான்று இல்லை. தமிழ்நாட்டில் மூடாக்கு என்னுஞ் சொல்லை ஊரூராகக் கொண்டு சென்றவர் கோ. நம்மாழ்வார். அவர் மறைந்தது 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 30. தானே புயல் வீசிய அதே நாள் என்பதை எம் மாவட்டத்தார் எளிதில் மறவார்.

சோகையை எரிக்கும் உழவர்மேல் பழி சுமத்துதல் எம் நோக்கமன்று. ஓர் ஏக்கர்க் கரும்பில் மூன்று நான்கு டன் சோகை சேரும். அதனை வாரி ஒதுக்க ஆட்கூலி வேண்டும், மறுதாம்புப் பயிர் துளிர்க்க வயல் விரைவில் வெளியாக வேண்டும், எலித்தொல்லையும் உண்டு. ஒரு தீக்குச்சி இவை யாவற்றையும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கரிச்சத்தும் தழைச்சத்தும் கந்தகமும் விண்ணிற் போகின்றன. எஞ்சும் சாம்பலும் காற்றில் பாதி, மழையில் பாதியாக ஓடிவிடும். மறுதாம்பு வயலிலேயே ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையைப் பரப்பும் முறை வேளாண் துறையினர் கூறி வருவதே. அங்ஙனம் செய்யாது எரிப்பவரிடமிருந்து பலாக் கொல்லையார் வண்டிக்கூலி மட்டும் கொடுத்து ஏற்றிச் செல்லலாம். எமக்கு ஆன செலவு அதுவே. மாட்டு வண்டி கிடைக்காமையால் டிராக்டர்க்காரருக்கு இருமுறை நடந்தது தனிக் கதை.

ஒரு கோடைத் தவணை முடிந்தது. உயிர் பிழைத்த ஏழு கன்றுகளுக்கும் இப்போது மூடாக்கு உண்டு. பட்டுப்போன ஐந்து குழிகளையும் பாட்டனார் தாமே கிளறி வைத்திருக்கிறார். சவுக்கைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை, யாமும் கேட்கவில்லை. சென்ற வாரம் எழுதிய கடிதத்தில், வரும் தை மாதம் கரும்பு வெட்டும் கொல்லைக்காரரிடம் மூன்று வண்டிச் சோகைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், தீயிடுமுன் ஏற்ற ஆள் வேண்டுமாகலின் பொங்கல் விடுமுறைக்கு ஒரு நாள் முன்னரே வரும்படியும் எழுதியுள்ளார்.